கல்வட்டங்களின் நாடு – 7: அடக்கமானவர்கள் இங்கே, வாழ்ந்தவர்கள் எங்கே?

போன வாரம் பல்லாவரத்தில் நிறுத்தியிருந்தோம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்த நாட்டின் பழைய கற்கால ஆய்வுக்கு அதுவே தொடக்கம். கால் நூற்றாண்டு கழித்து, 1880களின் கடைசியில், அதே பல்லாவரத்துக் குன்றுப் பக்கம் அலெக்சாண்டர் ரீயின் அகழாய்வில் சுட்ட மண்ணாலான ஈமப்பேழை வெளிப்பட்டது.

பேழை கிடைத்தது. அதைச் செய்து, அதில் தம் முன்னோரின் எலும்புகளை வைத்து மூடியவர்களின் வீடு கிடைக்கவில்லை. அடுப்பு இல்லை, தரை இல்லை, சுவர் இல்லை, கிணறு இல்லை.

இந்தக் குறை பல தலைமுறை நீடித்தது. அது ஏன் நீடித்தது, எங்கே உடையத் தொடங்கியது என்பதே இந்த வாரக் கதை. அதற்கு நாம் மேற்கே போக வேண்டும்.

★

முருகன் கோயிலைச் சுற்றிய மேடு

தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக வந்தால் ஒரகடம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையில் திரும்பினால் வல்லக்கோட்டை. ஏழடி உயர முருகன் நிற்கும் ஊர். அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலம். கிருத்திகை நாளில் பக்தர் கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் அடைத்துக்கொள்ளும்.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது முதல் இந்த வட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கியது. ஒரகடம், வல்லம்–வடகால் என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக வந்தன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று இந்தியச் சாலைகளிலும் கைகளிலும் ஓடும் பல பொருள்கள் இங்கிருந்து புறப்படுகின்றன.

ஆலைகளின் சுவர்களை மறந்துவிட்டு நிலத்தை மட்டும் பாருங்கள். மூன்று அடுக்கு தெரியும்.

தாழ்வில் ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே நன்செய். இரண்டுக்கும் மேலே சரளையும் செம்புரைக்கல்லும் பாறையுமாகக் கிடக்கும் மேட்டுத் தரிசு. ஏர் போட்டால் கொழு உடையும். முள்ளும் புல்லும்தான் முளைக்கும். கிராம நிர்வாகக் கணக்கில் இப்படிப்பட்ட நிலம் மேய்க்கால் புறம்போக்கு என்றோ, பாறைப் புறம்போக்கு என்றோ, தரிசு என்றோ எழுதப்பட்டிருக்கும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் ஈமச்சின்னங்களான கல்வட்டங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் அடுக்கில்தான் கிடக்கின்றன. விளையும் மண்ணை வாழ்பவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாத மண்ணை இறந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

★

ஒரு கல்வட்டத்தின் முன்னால்

கல்வட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். பிரமிடைப் போல நிமிர்ந்து நிற்கும் எதுவும் அங்கே இல்லை. இடுப்புயரமோ முழங்காலுயரமோ உள்ள உருண்டைக் கற்கள் வட்டமாகக் கிடக்கும். நடுவே சிறு கற்களும் மண்ணும் குவிந்து லேசாக மேடிட்டிருக்கும். வேலிகாத்தான் முளைத்துவிட்டால் அதுவும் தெரியாது.

அவசரப்படாமல் வட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் விஷயம் பிடிபடும். பெரிய கற்கள் மண்ணில் தாமாகக் கிடந்தவை அல்ல. ஒவ்வொன்றும் கொண்டுவந்து பதிக்கப்பட்டது. உள்ளே இருக்கும் சிறு கற்களும் அளவு பார்த்துக் குவித்தவை. சில இடங்களில் நடுவே கனத்த பலகைக்கல் ஒன்றின் விளிம்பு தலைநீட்டும். அது மூடுகல். அதன் கீழே நாலு பக்கமும் பலகைக்கற்களை நிறுத்திச் செய்த கல்லறை இருக்கும். சில வட்டங்களில் கல்லறை இருக்காது. குழிக்குள் தாழியோ பேழையோ நேராக வைக்கப்பட்டிருக்கும்.

ஊர் மக்கள் இவற்றைப் பாண்டவர் குழி என்றார்கள். குள்ளர்கள் கட்டிய வீடு என்றார்கள். இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கியவர்கள் பாண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும், இவ்வளவு சின்ன அறைக்குள் குடியிருந்தவர்கள் குள்ளர்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கு அது. கண்ணால் கண்டதற்குக் காரணம் தேடிய அந்த மனத்தை நாம் மதிக்க வேண்டும். ஏனென்றால் அறிஞர்களும் வெகுகாலம் அதே இடத்தில்தான் நின்றார்கள். யார் கட்டியது? எப்போது கட்டியது?

★

1945–1949: காலம் கிடைக்கிறது

இரண்டாவது கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் மார்ட்டிமர் வீலர். 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர்.

1945-ல் அவர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தார். ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும், இத்தாலிய மட்பாண்டங்களும் கிடைத்தன. ரோமானியப் பாண்டங்களின் காலம் ஐரோப்பாவில் முன்பே துல்லியமாகத் தெரியும். ஆக, அவற்றோடு சேர்ந்து கிடைத்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் ஒரு காலம் கிடைத்துவிட்டது. தென்னிந்தியத் தொல்லியல் கையில் பிடித்துக்கொள்ள முதன்முதலாக ஓர் ஊன்றுகோல்.

அந்த ஊன்றுகோலோடு 1947-ல் அவர் கர்நாடகத்தின் பிரம்மகிரிக்குப் போனார். அங்கே கல்வட்டம் போன்ற பெருங்கற்காலக் கல்லறைகளும் குடியிருப்பும் அருகருகே இருந்தன. மண்ணடுக்குகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அங்கே பெருங்கற்காலப் பண்பாடு ஏறக்குறைய கி.மு. 200-ல் தொடங்கியது என்று முடிவு சொன்னார்.

இந்தக் கணிப்பு பிற்காலத்தில் என்ன ஆனது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். அப்போதைக்கு அது பெரிய கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாகச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் நுழைந்தவர் வி.டி. கிருஷ்ணசாமி.

கிருஷ்ணசாமி கற்கால ஆய்வில் பழகியவர். 1949-ல் தென்னிந்தியப் பெருங்கற்கால வகைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை தொல்லியல் துறையின் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வந்தது. அதுவரை ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கல்வட்டம் எது, கற்குவை எது, கல்திட்டை எது, கற்பதுக்கை எது, நெடுங்கல் எது என்று அவர் வரம்பு கட்டினார். அந்த வேலைக்கு அடிப்படையாக நின்ற நிலங்களில் முக்கியமானது செங்கல்பட்டு மாவட்டம். இன்று இந்தியா முழுவதும் பெருங்கற்கால ஆய்வாளர்கள் புழங்கும் வகைப்பாட்டில், நம் ஊர்ப் புறம்போக்குக் கற்களுக்கும் பங்குண்டு.

★

1950, 1952: சானூரில் மூடி திறக்கிறது

அடுத்த கட்டம் சானூர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். கல்வட்டங்கள் கூட்டங்கூட்டமாகக் கிடக்கும் இடம். 1950-லும் 1952-லும் தொல்லியல் துறையைச் சேர்ந்த என்.ஆர். பானர்ஜியும் கே.வி. சௌந்தரராஜனும் அங்கே அகழ்ந்தார்கள். அறிக்கை 1959-ல் வெளிவந்தது.

இங்கே சற்று நிதானிப்போம். ஒரு கல்வட்டத்தைத் திறப்பது எப்படி நடக்கும்?

முதலில் வட்டத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துக் கயிறு கட்டுவார்கள். எதிரெதிர்க் கால்பகுதிகளை மட்டும் இறக்குவார்கள். நடுவில் விடப்பட்ட மண்சுவரில் ஒவ்வொரு அடுக்கும் வரிசையாகத் தெரியும். மேல் கற்குவியலை ஒவ்வொரு கல்லாக எடுக்க வேண்டும். அதன் கீழே நிரப்பிய மண் வரும். சுற்றிலும் உள்ள இயற்கை மண்ணிலிருந்து நிறமும் இறுக்கமும் மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கையாலும் கண்ணாலும் பிடிப்பவர்தான் குழியின் விளிம்பைக் கண்டுபிடிப்பார்.

பிறகு பானைகள் தலைகாட்டும். உள்ளே கருப்பும் வாய்ப்பக்கம் கருப்பும் உடல் சிவப்புமான பாண்டங்கள். கிண்ணங்கள், மூடிகள், அடிப்பாகம் உருண்ட பானைகளை நிறுத்துவதற்கான வளையத் தாங்கிகள். சிலவற்றின் தோளில் கூரிய முனையால் கீறிய குறியீடுகள்.

அதற்கும் கீழே பேழை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி மாதிரி நீண்டு, முனைகள் வளைந்து, சுட்ட மண்ணால் ஆனது. அடியில் குட்டைக் கால்கள் வரிசையாக. சக்கரத்தில் வனைய முடியாத வடிவம் இது. மண்ணைக் கையால் வளைத்து, ஏற்றி, தட்டி, தடவி உருவாக்கியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய உருப்படி காயும்போது வெடிக்கக் கூடாது. சூளையில் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பச்சையாக நிற்கக் கூடாது. அடியிலும் சூடு புகுந்து சீராக வேகுவதற்கு அந்தக் கால்கள் உதவியிருக்கலாம். மண்ணையும் நெருப்பையும் அறிந்த கை அது.

பேழைக்குள் முழு உடல் நீட்டிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தால் தவறு. இப்படிப்பட்ட பேழைகளில் பெரும்பாலும் கிடைப்பவை பொறுக்கி வைத்த சில எலும்புகள். உடல் வேறெங்கோ சிதைந்த பிறகு, மிச்சத்தைச் சேகரித்துக் கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆகவே ஒருவர் இறந்த நாளும் அவருக்குக் கல்வட்டம் எழுந்த நாளும் வேறு வேறு. இடையில் எத்தனையோ ஏற்பாடு. கல் தேட வேண்டும், இழுத்துவர ஆள் சேர்க்க வேண்டும், பேழைக்குச் சொல்லி வைக்க வேண்டும், படையலுக்குப் பானைகள் வேண்டும், கூடியவர்களுக்குச் சோறு வேண்டும்.

பானைகளோடு இரும்புக் கருவிகளும் இருந்தன. துருவேறி வீங்கியிருந்தாலும் வடிவம் அடையாளம் தெரியும். இரும்பை உருக்கத் தெரிந்த, அதை மண்ணுக்குள் இறந்தவருக்காக விட்டுவிட வசதியும் மனமும் இருந்த ஒரு சமூகம்.

இத்தனையும் கல்லறைக்குள் கிடைத்தன. இப்போது நேரெதிர்க் கேள்வி எழுந்தது. கொல்லனும் குயவனும் இத்தனை கல் இழுத்த கைகளும் இருந்தால், அவர்கள் சோறாக்கிய இடம் எங்கே?

★

காணாமல் போன வீடுகள்

ஆய்வாளர்கள் சொன்ன காரணங்கள் மூன்று வகை.

ஒன்று, அவர்கள் நிலையாகத் தங்காதவர்கள். ஆடு மாடுகளோடு அலைந்தவர்கள். வீட்டுக்குப் பதில் கல்லறையைத்தான் நிலையாகக் கட்டினார்கள்.

இரண்டு, வீடுகள் மண்ணும் மரமும் ஓலையுமாக இருந்தன. மழையும் கறையானும் தின்றுவிட்டன. கல் நின்றது, ஓலை போனது.

மூன்று, வீடுகள் இருந்த இடத்தில் இன்றும் வீடுகள் இருக்கின்றன.

முதல் காரணம் எனக்கு ஒப்பவில்லை. அலைந்து திரிபவர்களால் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாத அளவு பெரிய பேழையைச் சுட்டெடுக்க, ஓரிடத்தில் சூளையும் விறகும் மாதக்கணக்கில் இருக்கும் ஆளும் வேண்டும். இரண்டாவது காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் ஓலை போனாலும் அடுப்புச் சாம்பலும் பானை ஓடும் போவதில்லை. மூன்றாவதுதான் நிலத்தைப் பார்த்தால் பொருந்துகிறது. மேட்டுத் தரிசு யாருக்கும் வேண்டாம் என்று கிடந்ததால் கல்லறைகள் தப்பின. தண்ணீரும் நல்ல மண்ணும் உள்ள தாழ்வு நிலத்தை ஒவ்வொரு தலைமுறையும் விரும்பியது. பழைய வீட்டின் மேல் புது வீடு எழுந்தது. வீட்டுச் சுவரின் மண் வயலுக்கு எருவானது. சில இடங்களில் பிற்காலத்து ஏரி பெருகி எல்லாவற்றையும் மூழ்கடித்திருக்கலாம்.

இதற்கு ஓர் ஆதாரம் இந்த மண்ணிலிருந்தே வந்தது. 1955 முதல் 1958 வரை குன்னத்தூரில் நடந்த அகழாய்வில் பேழைகளோடு கூடிய கல்லறைகளும், அருகிலேயே மக்கள் குடியிருந்த தடயங்களும் சேர்ந்து கிடைத்தன. அடக்கம் செய்தவர்களின் பானைகளும் வாழ்ந்தவர்களின் பானைகளும் ஒன்றையொன்று அடையாளம் காட்டின.

ஆனாலும் கல்லறைகள் கண்ட ஊர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. குடியிருப்பு கண்ட ஊர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை தொடர்ந்தது.

★

2022: வடக்குப்பட்டு

ஒரகடத்தை ஒட்டியது வடக்குப்பட்டு. குன்றத்தூர் வட்டத்தில் ஒரு சிற்றூர். வல்லக்கோட்டையிலிருந்து அதிகத் தூரமில்லை. அங்கே ஒரு மண்மேட்டை 2022-ல் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் தோண்டத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட மேடுகளுக்கு நத்தமேடு என்ற பெயர் சாதாரணம். நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். ஊர் இடம் மாறிப்போன பிறகும் ஊரின் பெயர் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

குழிகள் ஆழமானபோது காலம் பின்னோக்கிப் போனது. பல்லவர் காலச் சிற்பம் வந்தது. செங்கல் கட்டுமானம் வந்தது. பொன் அணிகலன்கள் வந்தன. ரோமானிய மதுச்சாடியின் உடைசல்கள் வந்தன. அரிக்கமேட்டில் வீலருக்குக் காலம் காட்டிய அதே வகைப் பாண்டம், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிய இந்தச் சிற்றூரிலும்! மரக்கலத்தில் வந்த சரக்கு, வண்டிப்பாதை பிடித்து இங்கே வரை வந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் தாண்டிக் கீழே போனால் கற்கருவிகள். ஃபுட் பல்லாவரத்தில் தொட்ட உலகத்தின் நீட்சி.

ஒரே மேட்டில் கற்கருவி, சங்க காலம் எனப்படும் வரலாற்றுத் தொடக்கக் காலம், பல்லவர் காலம். வாழ்வதற்கு உகந்த இடம் என்று பல்லாயிரம் ஆண்டுகளில் மறுபடியும் மறுபடியும் மனிதர்கள் இந்த மேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூன்றாவது காரணத்துக்கு இதைவிட அருகில் ஒரு சாட்சி கிடைப்பது அரிது.

★

2025: ஊன்றுகோல் நகர்கிறது

வீலரின் கணிப்புக்குத் திரும்புவோம். கி.மு. 200 என்றார் அவர். அதன் பின் வந்த ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கோட்டைப் பின்னுக்கு நகர்த்தியது.

2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை அந்தக் கோட்டை வெகுதூரம் தள்ளியது. கே. ராஜனும் ஆர். சிவானந்தமும் எழுதிய அந்த அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுபோகிறது. அந்தத் தேதிகள் மீது அறிஞர்களிடையே விவாதம் நடந்துகொண்டிருக்கிறது, நடக்கத்தான் வேண்டும்.

நம் கதைக்கு அதைவிட நெருக்கமான செய்தி அதே அறிக்கையில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் ஓர் ஈமப்பேழை அடக்கத்தின் கரித்துண்டுக்குக் கிடைத்த காலம் கி.மு. 1692. பல்லாவரம், சானூர், குன்னத்தூர் பேழைகளின் உறவுக்காரப் பேழை அது. ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே காலம் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். ஆனால் செங்கல்பட்டுக் கல்வட்டங்களை இரண்டாயிரம் ஆண்டுப் பழசு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்த காலம் முடிந்துவிட்டது.

இதனால் வடக்குப்பட்டின் கணக்கும் சிக்கலாகிறது. ரோமானியச் சாடி வந்த காலமும் பேழைக் காலமும் ஒன்றா? அல்லது பேழை செய்தவர்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே இங்கே இருந்து, சாடியில் மது வாங்கியவர்கள் அவர்களின் வழித்தோன்றல்களா?

★

மேட்டு நிலத்தின் விலை

முதலில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்திக்கு வருகிறேன்.

விளையாத மேட்டு நிலம் இறந்தவர்களுக்கு. பல தலைமுறை அந்த ஏற்பாடு நிலைத்தது. இன்று அதே மேட்டு நிலம்தான் தொழிற்பேட்டைக்கும் சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் எளிதில் கிடைக்கும் நிலம். நன்செயை எடுத்தால் விவசாயி எதிர்ப்பார். ஏரியை எடுத்தால் நீதிமன்றம் கேட்கும். தரிசை எடுத்தால் கேட்க ஆளில்லை. கிராவல் மண்ணுக்குத் தோண்டினாலும், கல்லை கிரஷருக்கு ஏற்றினாலும், ஜேசிபி முதலில் இறங்குவது அங்கேதான்.

பாதுகாப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பல ஊர்க் கல்வட்டங்கள் நடுவண் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-ல் வந்த திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு அருகேயே அப்படிப்பட்ட ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. தினமும் ஆயிரமாயிரம் பேர் அவற்றைக் கடந்து ஊருக்குப் போகிறார்கள்.

பட்டியலில் ஏறாத வட்டங்களுக்கு அந்த 100 மீட்டரும் இல்லை. ஒரு கல்வட்டம் அழியும்போது ஒரு கல்லறை மட்டும் அழிவதில்லை. மேட்டில் வட்டம் இருந்தால், பக்கத்துத் தாழ்வில் தண்ணீருக்கு அருகே வீடுகள் இருந்திருக்க வேண்டும் என்று தேடிப் போகலாம். வட்டம் போய்விட்டால் எங்கே தேடுவது என்றே தெரியாது. தொழில் வளர வேண்டும். அதில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்த ஊர்களின் பிள்ளைகள்தான். சுவர் எழுப்பும் முன் தரிசை ஒருமுறை நடந்து பார்த்துக் கணக்கெடுப்பது அந்த வளர்ச்சியை ஒரு நாளும் தடுக்காது. அதை இப்போதே செய்தாக வேண்டும்.

ஏனென்றால் வடக்குப்பட்டு ஒரு மேடுதான். வல்லக்கோட்டையைச் சுற்றி ஏரிக்கரைகளிலும் நத்தங்களிலும் இன்னும் தோண்டாத மேடுகள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில், ரோமானியச் சாடிக்குக் கீழேயும் கற்கருவிக்கு மேலேயும், பேழைகளைச் சுட்ட குயவனின் சூளை இருக்கிறதா?

சானூர்ப் பானைகளின் தோளில் கண்ட கீறல் குறியீடுகள் அந்தச் சூளைக்கு வழி சொல்லுமா? அந்தக் குறிகளைப் போட்டது குயவனா, பானைக்குச் சொந்தக்காரனா, இறந்தவரின் குலமா?

(அடுத்த வாரம்: பானைத் தோளில் ஒரு குறி)